கூப்பிடாமல் போன எண்கள்

ஓடிப்போய்விட்டாள் என்கிறாளே மாடி வீட்டுக்காரி, அவளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓடிப்போகிறவள் காலை பத்து மணிக்கு, தெருவே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, வாடகைக் காரை வாசலுக்கு வரவழைத்து, பெட்டியைப் பார்த்து வையுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டா போவாள்? மாமியார் கொடுமை தாங்காமல் போனாள் என்று தையல்கடைக்காரர் சொல்வதாவது பரவாயில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், எழுபத்து மூன்று வயதில் எதுவும் உறைக்காது. என் மருமகளைப் பற்றிப் பேசினால் படியேறி வந்து பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

எவனோ வெளிநாட்டு ஆண்பிள்ளையோடு எந்நேரமும் பேச்சு என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அந்த ஆண்பிள்ளையை எனக்குத் தெரியும். அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர் வைத்ததே நான்தான். பேரன் பேத்தி எடுத்த மனிதர். என் மருமகள் எதை எழுதி அனுப்பினாலும் இது ஏன், அது ஏன் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். அதற்கு மேல் அந்த உறவில் ஒரு மண்ணும் கிடையாது. சம்பளம் இல்லாத வேலையை எவளாவது செய்வாளா என்கிறார்கள். நான் ஐம்பது வருஷமாகச் சமைக்கிறேன். எனக்கு யார் சம்பளம் கொடுத்தது?

முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். ஆயிரம் வரைக்கும் தடுக்காமல் எண்ணுவேன். ஆனால் எழுதி வைத்த எண் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். பண நோட்டை நிறம் பார்த்துச் சொல்வேன், பஸ்ஸை நடத்துநர் போடும் சத்தத்தில் பிடிப்பேன். இப்படியே ஓட்டிவிட்டேன். என்னை மடக்கியது ஆஸ்பத்திரிப் பலகை.

சர்க்கரைக்காக மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு அறை. சுவரில் கறுப்புப் பலகை. டிங் என்று மணி அடிக்கும், பலகையில் சிவப்பாக எண் மாறும், யாரோ எழுந்து உள்ளே போவார்கள். அந்த யாரோ நானா என்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள் பக்கத்தில் ஒரு காய்ச்சல்காரர். நாலு டிங்குக்கு நாலு தடவை கேட்டேன். ஐந்தாவதற்கு அவர் திரும்பினார்.

"பாட்டி, உங்க நம்பர் வந்தா நானே சொல்றேன். கொஞ்சம் சும்மா இருங்க, தலை வெடிக்குது."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த டிங்குக்கு அவரே எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு அடுத்த எண் என்னுடையது. எனக்கு அது தெரியாது. ஒரு மணிக்குக் கதவைப் பூட்டுகிறவர் வந்து எழுப்புகிற வரைக்கும், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்போது அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியை மூடிவிட்டார்கள், வீட்டில்தான் இருந்தாள். அடுத்த மாதம் கூடவே வந்தாள். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் போய், இது யார் செய்த புரோகிராம் என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? இனாமாக் கிடைக்குதுன்னு போட்டு வச்சிருக்காங்க. திட்டணும்னாக்கூட ஆள் கிடையாது" என்றாள் அந்தப் பெண்.

"ஆள் இருப்பாங்க" என்றாள் என் மருமகள்.

இருந்தார்கள். ஆளுக்கொரு நாட்டில், பதினைந்து இருபது பேர். ஓப்பன் சோர்ஸ் என்று அதற்குப் பெயராம். துணி மடிக்கும்போது எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"இது யாருக்கும் சொந்தமில்லை அத்தை. யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம். சரியில்லைன்னா மாத்தி எழுதி அனுப்பலாம்."

"அப்ப எவன் வேணா வந்து கெடுத்துட்டும் போலாம்."

"அதுக்குத்தான் ஒரு சட்டம் இருக்கு. எழுதினவரே அதை உள்ள சேர்க்கக் கூடாது. இன்னொருத்தர் வரி வரியாப் பாக்கணும், கேள்வி கேக்கணும், சரின்னு சொல்லணும். அப்பறம்தான் சேரும்."

அந்த இன்னொருத்தர்தான் ஏன் சார். ஆயிரத்தைத் தாண்டினால் பலகை வெறுமையாகிவிடுகிறது என்று, அதைச் சரிசெய்ய இவள் முதன்முதலில் ஒன்பது வரி எழுதி அனுப்பினாள். அவர் பதினான்கு கேள்வி கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், அந்த ஆளை இங்கே கூட்டி வா, நான் ரெண்டு கேள்வி கேட்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். பதினான்குக்கும் பதில் எழுதினாள். இரண்டு வருஷம் இப்படி அறுபது எழுபது திருத்தம் போயிருக்கும். கடைசியில் அவர்களே இவளை நம்பிச் சாவி கொடுத்தார்கள். பூட்டுச் சாவி இல்லை, எழுதியதை உள்ளே சேர்க்கும் உரிமை. அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்றபடி என் புடவைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மகனுக்குக்கூட அப்புறம்தான் தெரியும். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், கட்டிடம் கட்டிடமாக அலைகிறவன்.

சாவி வந்த பிறகு, எனக்காக ஆரம்பித்ததைச் செய்தாள். பலகைக்குக் குரல் கொடுத்தாள். நாலு மாத வேலை. ஒன்றிலிருந்து கடைசி எண் வரைக்கும் தன் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்தாள். வெளிச்சத்தம் விழக்கூடாது என்று கட்டிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சொல்வாள். வியர்த்து வழிய வெளியே வருவாள். நான் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குற்றமும் சொல்வேன்.

"என்னம்மா இது, நம்பரை மட்டும் சொல்றே? ஆட்டை விரட்டற மாதிரி இருக்கு. மனுஷங்களைக் கூப்பிடறோம். உள்ளே வாங்கன்னு சொல்லு."

"நீளமாகுது அத்தை."

"ஆகட்டுமே. மரியாதை நீளமாத்தான் இருக்கும்."

கேட்டாள். எல்லா எண்ணுக்கும் பின்னால் உள்ளே வாங்க சேர்ந்தது. ஒரு எண்ணைக் கூப்பிட்டு முடிக்க ஐந்து எண்ணுகிற நேரம் ஆனது. அந்த நீளம் என்ன செய்யும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இருந்தாலும் என் கணக்கில்தான் அது வரும்.

குரல் முடிந்தது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய் எனக்கு ஆஸ்பத்திரி. சேர்த்துவிட்டாயா என்று கேட்டேன்.

"ஏன் சார் இன்னும் பாக்கலை அத்தை. அங்க லீவு. புதன்கிழமை பாப்பார்."

"சாவி உன்கிட்ட இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா நானே எழுதி நானே சேர்க்கக் கூடாது."

"நாளைக்கு விட்டா அடுத்த மாசம். அடுத்த மாசம் நான் இருக்கேனோ இல்லையோ."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"ஒருநாள் நிஜமாகும், அப்ப நெனச்சுக்கோ. யாரோ முகம் தெரியாத ஆளுக்கு இருக்கற மதிப்பு வீட்டுல இருக்கற கிழவிக்கு இல்லை."

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்தாள். நான் நகரவில்லை, நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். பொத்தானை அழுத்தியது அவள் விரல்தான். அந்த விரலை அழுத்தியது நான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் எண் வந்தது. "டோக்கன் இருபத்தொன்பது, உள்ளே வாங்க." அவள் குரல், அந்தக் கூடம் முழுக்க. நான் எழுந்த வேகத்தில் பக்கத்து நாற்காலி சாய்ந்தது. என் மருமகள் குரல், என் மருமகள் குரல் என்று கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், மருந்து கொடுப்பவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எழுத்தும் தெரியாது, பார்வையும் மங்கல். கண்ணில் அழுத்தம் ஏறுகிற வியாதி. பெரிய கண் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். அங்கேயும் இதே புரோகிராம்தான். குரலுக்காகக் காத்திருந்தவர்கள், வந்ததும் அந்த வாரமே போட்டுக்கொண்டார்கள். இனிமே யாரையும் கேட்டுத் தொங்க வேண்டாம், என் மருமகளே உன்னைக் கூப்பிடுவாள், நீ ராணி மாதிரி உட்கார்ந்திரு என்றேன். சொன்னேன்.

புதன்கிழமை ஏன் சார் பார்த்தார். கோபப்படவில்லையாம். ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். இரண்டு டாக்டர்கள் ஒரே நேரத்தில் மணியை அழுத்தினால் என்ன ஆகும்?

என் மருமகள் அதைப் படித்துவிட்டு, அட, ஆமாம் என்றாள். இந்த வாரமே பார்க்கிறேன் என்று பதில் எழுதினாள். அந்த வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தே தீர வேண்டும் என்று நான் ஆளை வரச் சொல்லியிருந்தேன். லேப்டாப் இருந்த மேசையைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளினோம். ஐந்து நாள் கழித்துத் துணியை எடுத்தபோது, அந்தக் கேள்விக்கு மேலே வேறு இருபது கேள்விகள் வந்து குவிந்திருந்தன. அவள் மறந்தாள். மறக்கிற பழக்கம் இல்லாதவள்.

கேள்வி இதுதான், நான் பிறகு கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். அவள் எழுதும்போது மனதில் வைத்திருந்தது எங்கள் ஆஸ்பத்திரியை. ஒரு டாக்டர், ஒரு மணி. ஒருவரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட வழியே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு அறை. ஒரு அறைக்காக இவள் குரல் உள்ளே வாங்க என்று நீட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற அறையில் மணி அடித்தால், இரண்டாவது எண்ணைக் குரல் விழுங்கிவிடும். பலகையில் சிவப்பாக வரும். கண் உள்ளவர்கள் பார்த்து எழுந்து போவார்கள். குரலை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்தே இருப்பார்கள். யாருக்காகச் செய்தாளோ அவர்களுக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை.

துணியை எடுத்த அன்று, அடுத்த திங்கட்கிழமை, அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உன் மருமக என்னைக் கூப்பிடவே இல்லையே. பக்கத்துல இருந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டா. ஒரு மணிக்கு, கூப்பிட்டப்ப நீங்க வரலைன்னு எழுதிட்டோம், அடுத்த தேதிக்கு வாங்கன்னுட்டாங்க."

"கண் அசந்திருப்பே."

"நான் எங்க அசந்தேன்? உன் மருமக குரல் எப்ப வரும்னு காதைத் தீட்டிக்கிட்டில்ல உக்காந்திருந்தேன்."

"உனக்குக் காதும் மந்தம்கா. அடுத்த தடவை முன் வரிசையில உக்காரு."

மருமகள் அப்போது பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்து அடி தூரம். கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் பார்த்திருப்பாள். ஏன் சாரின் கேள்வி நினைவுக்கு வந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஊர் பூராவும் பெருமை அடித்துவிட்டு அதைத் திரும்ப விழுங்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மேல் காரணம் தேடினால் பொய் சொல்வதாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபடியும் போனாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். மறுபடியும் குரல் வரவில்லை. அக்கா குற்றம் சொல்லக்கூட இல்லை. "நம்மளை மாதிரி ஆளுங்க அங்க வேண்டாம் போல, விடுடி" என்றாள். விட்டுவிட்டாள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்ந்தும் வாங்கவில்லை. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா சொன்ன முதல் திங்கட்கிழமையிலிருந்து முப்பத்தெட்டாவது நாள், ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்த மருமகள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியிருந்தாள். குரல் சில எண்களை விட்டுவிடுகிறது, இந்த வாரம் ஒன்பது பேர் பார்க்காமலே திரும்பிப் போனார்கள், எல்லாரும் வயதானவர்கள்.

சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டாள். ஒரு எண்ணைச் சொல்லி முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லும்படி வரிசையில் நிற்க வைத்தாளாம். பதினொரு வரி. இந்தத் தடவை ஏன் சார் பார்க்கிறவரைக்கும் பொத்தான் பக்கம் கையைக்கூடக் கொண்டு போகவில்லை. பிறகு எல்லாரும் படிக்கிற இடத்தில், தவறு என்னுடையது, பார்வைக்குக் காத்திருக்காமல் நானே சேர்த்தேன், கேட்ட கேள்வியையும் மறந்தேன் என்று எழுதினாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம், வைத்துக்கொள் என்று ஏன் சாரே சொல்லியும் கேட்கவில்லை. மாமியார் அவசரப்படுத்தினாள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. எனக்குப் படித்துக் காட்டினாள், அதனால் தெரியும்.

படித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"பெரியத்தை போற ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு ரூம்தானே? அவங்க எதாவது சொன்னாங்களா அத்தை?"

"இல்லையே" என்றேன்.

நாக்கு எவ்வளவு சுளுவாகப் புரண்டது என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மகன் அக்காவைப் பார்க்கப் போனவன், அவள் தண்ணீர்ச் செம்பைத் தடவித் தேடுவதைப் பார்த்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இடது கண் போய்விட்டது. முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று மகன் கேட்டானாம். அந்த டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வலது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

மருமகள் அக்கா வீட்டுக்கு ஓடினாள். நானும் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவள் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம் பெரியத்தை. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்காவின் முகம் நான் நின்ற பக்கம் திரும்பியது.

"யார்கிட்டம்மா சொல்றது" என்றாள் அக்கா. "எனக்குத்தான் காது மந்தமாச்சே."

சின்ன வயதில் நான் பானையை உடைத்தாலும் அடி வாங்கியவள் அவள்தான். இதற்கும் அவளே வாங்கிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து மகன் சொன்னான், மனைவியை வைத்துக்கொண்டுதான் சொன்னான். "எங்க லிஃப்டுல ரெண்டு பேர் கையெழுத்துப் போடாம ஒரு ஆளை ஏத்த மாட்டோம்மா. அது நம்பிக்கை இல்லாததால இல்லை." அவள் தலையை ஆட்டினாள். நான் சுவரைப் பார்த்தேன். புது வெள்ளை, ஒரு கறை இல்லை.

அப்புறம் ஒரு வாரம் அவள் போனும் கையுமாகவே இருந்தாள். குரலைப் போட்டுக்கொண்ட ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்கு மேல் அறை உள்ளவை எவை என்று விசாரித்தாள். பதினான்கு. ஒவ்வொன்றிலும் கூப்பிட்டும் வரவில்லை என்று எழுதிய பட்டியல் இருக்குமாம். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் உண்மையில் குரல் கூப்பிடாமல் விட்டவர்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து மறுபடியும் வரவழைக்கும்வரை அங்கங்கே இருக்கப் போகிறேன் என்றாள். கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கவும் போகிறாளாம். போனிலேயே சொல்லக் கூடாதா என்று மகன் கேட்டான். "போன்ல சொன்னா, பாக்கறோம்பாங்க" என்றாள். அவன் மறுக்கவில்லை, பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தான். இதைத்தான் ஓடிப்போனாள் என்கிறார்கள்.

அவள் கிளம்பிய காலை, மகன் வேலைக்குப் போய்விட்டான். பெட்டி வாசலில் இருந்தது. அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகு இளைத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் தானே செய்ததாக நினைத்துக்கொண்டு போகிறாள். இப்போது சொல்லாவிட்டால் பதினான்கு ஆஸ்பத்திரிக்கும் என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவாள்.

"அக்கா என்கிட்ட சொன்னா" என்றேன்.

நிமிர்ந்தாள்.

"முதல் தடவையே சொன்னா. நீ கூப்பிடலைன்னு. நான்தான், நீ கண் அசந்திருப்பேன்னு சொல்லி, அவ வாயை அடச்சேன். ரெண்டாவது தடவையும் சொன்னா. நீ கேட்டப்ப, இல்லைன்னேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கும் சக்தி இருந்தது. அவள் கேட்டது வேறு.

"முதல் தடவை எந்தக் கிழமை?"

"திங்கள். வெள்ளையடிச்சு முடிஞ்ச அன்னிக்கு. நீ பின்னால துணி காயப்போட்டுக்கிட்டிருந்தே."

"எந்த வரிசையில உக்காந்திருந்தாங்க? பலகை டிங்னு அடிச்சுதா, அதுவும் இல்லையா?"

தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை, நான் கேட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னேன். செருப்போடேயே உள்ளே வந்தாள், எங்கள் வீட்டில் யாரும் அப்படி வரமாட்டோம். மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"முப்பத்தெட்டு நாள்" என்றாள். அவ்வளவுதான்.

எழுத ஆரம்பித்தாள். கீழே கார்க்காரர் ஒலிப்பானை அடித்தார். என் பெயரையும் அதில் போடு, சொன்னதை மறைத்தவள் என்று போடு என்றேன்.

"மறைச்சவங்க பேரைப் போடற வழக்கம் அங்க இல்லை அத்தை. முதல்ல சொன்னவங்க பேரைத்தான் போடுவாங்க. இத்தனை நாளா அந்த நர்ஸ் பேர் இருந்துச்சு. இப்ப பெரியத்தை பேர்." கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். நர்ஸ் சொல்வதற்கு முப்பத்தெட்டு நாள் முன்பே எங்கள் வீட்டுக்குத் தெரியும் என்று இருந்தது. என் மாமியாருக்கு என்று இல்லை, எங்கள் வீட்டுக்கு என்று.

லேப்டாப்பைப் பையில் வைத்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளைத் தொடுவாள் என்று நினைத்தேன். தொடவில்லை. வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"பெரியத்தைக்கு மூணு வேளை சொட்டு மருந்து. மணி அடிக்கறதை எண்ணி, நீங்க போய்ப் போடுங்க. நேத்து சாயங்காலம் விட்டுப்போச்சு."

சரி என்றேன். கேட்டதோ இல்லையோ.

பெட்டி படியில் இடித்து இடித்து இறங்கியது. மாடி வீட்டுக்காரி மேலிருந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு படி. ஒவ்வொன்றாக எண்ணினேன். இருபத்திரண்டும் கேட்டது. பிறகு தெருக்கதவு சாத்தும் சத்தம்.